வலையில் வரும் முள்ளெலி

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் இறால், நண்டு, கணவாய் என்று ரகம் பிரிப்பது மளமளவென்று நடக்கும். கூடவே வலையில் ஏறிவந்த கடல் முள்ளெலிக்கு அங்கே விலை கிடையாது. கையில் முள் குத்தாமல் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் ஒரே ஒரு முட்டை முழு உடலாவது எப்படி என்ற கேள்விக்கு விஞ்ஞானம் நிறைய விடை கண்டது இந்த முள்ளுருண்டையிடம்தான்.

1891-ல் ஜெர்மானியர் ஹான்ஸ் டிரீஷ், இரண்டு செல்லாகப் பிரிந்திருந்த முள்ளெலிக் கருவைக் குலுக்கித் தனித்தனியாக்கினார். அரை அரை உடலாக அவை வளரவில்லை. அளவில் சிறிய, ஆனால் முழுமையான லார்வாக்களே வந்தன. பக்கத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது செல்லுக்குத் தெரிகிறது!

எப்படித் தெரிகிறது? கரு பதினாறு செல்லாகும்போது அடியில் நான்கு மட்டும் மிகச் சிறியவை. அவற்றின் உட்கருவில் பீட்டா-கட்டெனின் என்ற புரதம் சேர்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்த நான்கின் வழிவந்த செல்கள் 'டெல்டா' என்ற சமிக்ஞைப் புரதத்தை ஏந்தி நிற்கும். அதைத் தொட்ட அண்டைச் செல்களில் நிறமிச் செல்களாகப் போகிறவையும் உண்டு. அந்த நான்கையும் எடுத்து இன்னொரு கருவின் உச்சியில் வைத்தால் அங்கே இரண்டாவதாக ஒரு குடல் உருவாகும். ஸ்வீடனின் ஸ்வென் ஹோர்ஸ்டாடியஸ் 1930-களிலேயே இதைக் காட்டிவிட்டார். காரணமான மரபணுக்கள் தெரியவந்தது வெகுகாலம் கழித்து.

பிறகு அந்த நான்கின் வழிவந்த செல்களே கருவின் உள்ளே இறங்கிச் சுண்ணாம்பு எலும்புச்சட்டம் கட்டுகின்றன. எங்கே கட்டுவது என்று வெளித்தோல் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தால் சொல்கின்றன. அதைத் தடுத்தால் சட்டமே எழாது. நம் உடலில் ரத்தக் குழாய்களை வளர்ப்பதும் இதே புரதக் குடும்பம்தான். சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கியவர்களுக்குக் கண்ணில் போடும் ஊசி, இந்தச் சமிக்ஞையை அடக்கத்தான்.

2006-ல் கலிஃபோர்னிய ஊதா முள்ளெலியின் மரபணுத் தொகுதி வெளியானது: சுமார் 23,300 மரபணுக்கள். நம் கரைக்கும் முள்ளெலி ஆய்வோடு பழைய உறவு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் கூடத்தின் ஆர். கோபால ஐயர், சல்மாசிஸ் பைகலர் என்ற வெப்பக்கடல் முள்ளெலி முட்டையிலிருந்து உருமாற்றம் வரை வளர்வதை 1935-லேயே எழுதி வெளியிட்டார். சல்மாசிஸ் இனத்து முள்ளெலிகள் பாக் நீரிணையிலும் உண்டு.

கரையோரப் பள்ளிகள் முள்ளெலி ஆய்வைக் கையில் எடுக்க வேண்டும். முதிர்ந்த முள்ளெலிக்குப் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊசியில் ஏற்றினால் முட்டையோ விந்தோ வெளிவரும். இரண்டையும் சுத்தமான கடல்நீரில் கலந்து, சாதாரண நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் போதும். ஒன்று இரண்டாவதையும் இரண்டு நான்காவதையும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பகலில் கண்ணால் பார்த்துவிடலாம்.