12345 எப்படி 12942 ஆகிறது

சிறிய அலுவலகத்தின் சர்வரை மெயின்பிரேமோடு இணைப்பதில் கேபிள் வேலை இன்று பெரிய சிரமமில்லை. முன்பு அப்படியில்லை. 1974-இல் ஐபிஎம் கொண்டுவந்த எஸ்என்ஏ என்ற பிணையக் கட்டமைப்பில் அதிகாரம் முழுவதும் நடுவிலிருந்த பெரிய கணினியிடமே இருந்தது. எந்தக் கிளையில் எந்த டெர்மினல், அதன் பெயர் என்ன என்பதை அங்கே முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். பின்னர் அலுவலக சர்வர்கள் வந்தபோது இரண்டுக்கும் நடுவே ஒரு கேட்வே தேவைப்பட்டது. மைக்ரோசாஃப்டின் எஸ்என்ஏ சர்வர் அந்த வகை. இப்போது மெயின்பிரேமே டிசிபி/ஐபி பேசுகிறது. ஐபி முகவரி, ஃபயர்வாலில் திறந்த போர்ட், டிஎல்எஸ் சான்றிதழ் மூன்றும் சரியாக இருந்தால் இணைப்பு கிடைத்துவிடும்.

இணைப்பு கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மெயின்பிரேம் எழுத்துகளை எப்சிடிக் என்ற குறியீட்டு முறையில் வைத்திருக்கிறது. சர்வர் ஆஸ்கி வழிவந்த முறையில் வைத்திருக்கிறது. பதினாறடிமான எண்ணில் சொன்னால், ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ சர்வரில் 41, மெயின்பிரேமில் சி1. வரிசையும் வேறு: ஆஸ்கியில் இலக்கங்கள் எழுத்துகளுக்கு முன்னால் வரும், எப்சிடிக்கில் பின்னால். இரு பக்கமும் தனித்தனியே வரிசைப்படுத்திய கோப்புகளை ஒப்பிட்டால், இருக்கும் கணக்கும் இல்லாததாகத் தெரியும்.

எண்கள் இதைவிட மோசம். மெயின்பிரேமில் ஓடும் கோபோல் (COBOL) மொழி நிரல்கள் பணத்தொகையைப் பெரும்பாலும் ‘பேக்டு டெசிமல்’ வடிவில் வைக்கும்: ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்கள், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. 12345 என்பது 12, 34, 5சி என மூன்று பைட். இந்தக் கோப்பை எஃப்டிபி-யில் எழுத்துக் கோப்பாக அனுப்பினால், ஒவ்வொரு பைட்டும் எழுத்தாகக் கருதப்பட்டு மாற்றப்படும். 12 அப்படியே இருக்கும். 34 என்பது 94 ஆகும். 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி என்பதால் 2ஏ ஆகும். பேக்டு முறையில் ‘சி’ போலவே ‘ஏ’ என்பதும் கூட்டல் குறிதான். ஆக, சர்வர் வாசிப்பது 12942. வடிவத்தில் பிழையில்லாததால் எந்த எச்சரிக்கையும் எழாது. கோப்பைப் பைனரியாக அனுப்பி, மெயின்பிரேம் தரப்பிலிருந்து வாங்கிய, பதிவின் புல அமைப்பைச் சொல்லும் காப்பிபுக்கைப் பார்த்துப் புலம் புலமாகப் பிரிப்பதே சரியான வழி. கேபிள் இழுப்பதற்கு முன்பே அந்தக் காப்பிபுக் கைக்கு வந்திருக்க வேண்டும்.

பல அலுவலகங்கள் இந்த மாற்றச் சிக்கலைத் தவிர்க்க மெயின்பிரேமின் 3270 டெர்மினல் திரையையே நாடுகின்றன. 24 வரி, 80 பத்தி கொண்ட அந்தத் திரையில் ஆறாவது வரியில் உள்ள நிலுவையை ஒரு நிரல் எடுத்துக்கொள்ளும். வேலை விரைவில் முடியும் என்பது உண்மை. ஆனால் யாராவது திரையில் ஒரு வரி சேர்த்தால், நிரல் அதே இடத்தில் வேறு எண்ணை எடுக்கும். தற்காலிக ஏற்பாடாக மட்டுமே இதை அனுமதிக்கலாம். நிலையான இணைப்புக்கு எம்க்யூ போன்ற செய்தி வரிசையே பொருத்தம். லைன் அறுந்தாலும் செய்தி வரிசையில் காத்திருக்கும்.

கோப்பாகவே அனுப்பும் இடங்களில், கடைசிப் பதிவில் பதிவுகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இருக்க வேண்டும். அந்த மொத்தம் பேக்டு வடிவில் இல்லாமல் வெறும் இலக்க எழுத்துகளாக இருப்பது அவசியம். இல்லையென்றால் அதுவும் சேர்ந்தே மாறிவிடும். எண்ணிக்கையும் மொத்தமும் வந்த பதிவுகளோடு பொருந்தும்வரை ஒரு பதிவையும் சர்வரின் கணக்கில் ஏற்றக் கூடாது.