கண்ணில் கரண்டா? பயப்படாதீங்க!

"கண்ணாடி மாற்றியும் என் பெண்ணுக்குக் கரும்பலகை எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது. கண்ணில் மின்சாரப் பரிசோதனை செய்யணும்னு டாக்டர் சொல்றார். வீட்டிலோ, 'பள்ளிக்கூடம் போகாமலிருக்கப் பாசாங்கு பண்றா' என்கிறார்கள். குழந்தைக்கு ஷாக் அடிக்காதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அடிக்காது, சகோதரி. இந்தக் கருவி கண்ணுக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. காட்சியைப் பார்க்கும்போது விழித்திரை தானாக எழுப்பும் மின்சாரத்தை அளக்கிறது, அவ்வளவுதான். இருதயத்துக்கு ஈ.ஸி.ஜி. எடுப்பதில்லையா, அதுபோல. இதற்குப் பெயர் 'பேட்டர்ன் ஈ.ஆர்.ஜி.'.

எதிரே திரையில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தெரியும். நொடிக்கு 4 தடவை கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். கீழ் இமையோரம் வைத்த மெல்லிய இழை, கண்ணின் பதிலைக் கருவிக்குக் கொண்டுபோகும். அந்தப் பதில் சில மைக்ரோவோல்ட்தான். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் சில பங்கு! அதனால்தான் நூறு தடவைக்கு மேல் பதிவு செய்து சராசரி எடுக்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்? கூர்மையான பார்வைக்குரிய விழித்திரையின் நடுப்பகுதி சரியில்லையா, அல்லது செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்பு செல்கள் சரியில்லையா என்று பிரித்தறிய இது உதவுகிறது. 1981-ல் இத்தாலிய விஞ்ஞானிகள் மாஃபேயும், ஆட்ரியானா ஃபியோரென்டினி என்ற பெண்மணியும் பூனைகளிடம் இதைக் கண்டார்கள். பார்வை நரம்பை வெட்டியபின் அந்தச் செல்கள் நாளடைவில் அழிந்தன. மாறிமாறி வரும் கோடுகளுக்கான பதிலும் மறைந்தது. ஆனால் வெறும் வெளிச்சத்துக்கான பதில் அப்படியே இருந்தது!

பரிசோதனைக்குப் போகும்போது கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். கட்டங்கள் தெளிவாகத் தெரியவேண்டும். பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து இதற்கு முன்னால் கூடாது. திரையின் நடுவிலுள்ள புள்ளியையே பார்க்கணும், அடிக்கடி இமைக்கக்கூடாது என்று குழந்தைக்கு வீட்டிலேயே விளையாட்டுப்போலப் பழக்குங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். டாக்டர் விளக்கடித்துப் பார்க்கையில் கண் சுத்தமாக இருந்தாலும் உள்ளே கோளாறு இருக்கலாம். இந்தப் பரிசோதனை சரியாக வந்தாலும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழியைப் பார்க்க வி.இ.பி. என்ற வேறு பரிசோதனை உண்டு. "தெரியலைம்மா" என்று குழந்தை சொன்னால் முதலில் நம்புங்கள். திட்டு வேண்டாமே!