கொட்டை மாவும் ஒட்டு மாவும்

சித்திரையும் வைகாசியும் வந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மாம்பழக் கூடைகளைத் தாண்டாமல் நடக்க முடிவதில்லை. பங்கனபள்ளி முன்னே வரும். நீலம் கடைசியில் வந்து சேரும். பழம் தீர்ந்ததும் கொட்டையை ஊன்றிவைத்தால் என்ன என்ற ஆசை யாருக்குத்தான் உண்டாகாது?

ஆசை நியாயமானதே. ஆனால் பங்கனபள்ளிக் கொட்டையிலிருந்து பங்கனபள்ளி வருமென்று எண்ணுவது வீண். அதனுள் இருக்கும் கரு ஒன்றே. அது பெரும்பாலும் இரண்டு மரங்களின் சேர்க்கையால் உண்டானது. பிள்ளை தாயையே உரித்துவைத்தாற்போல் பிறக்க வேண்டுமென்று சட்டம் ஏதும் இல்லையே! மலையாளக் கரையின் ஓலூர், சந்திரக்காரன் முதலிய ஜாதிகள் விலக்கு. அவற்றின் ஒரே கொட்டையில் பல முளைகள் கிளம்பும். அவற்றுள் பெரும்பாலானவை தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும்.

கொட்டைக் கன்று என்றால் மட்டம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1889-ல் நம் தேசத்திலிருந்து ‘மல்கோபா’ என்னும் ஜாதி மாங்கன்றுகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்றன. அங்கே பனியில் பிழைத்த மரத்தின் கொட்டைகளை 1902-ல் காப்டன் ஹேடன் என்பவர் ஊன்றினார். அதில் முளைத்த ஒரு மரம் 1910-ல் காய்த்தது. செக்கச் சிவந்த அந்தப் பழம் அவர் பெயராலேயே உலகச் சந்தைக்குப் போயிற்று. அதிருஷ்டந்தான், ஆயினும் ஊன்றியதனால் அல்லவா அது கிட்டியது!

முறை எளிது. மாங்கொட்டை நெல்லைப்போல் காத்திருக்காது. காயவிட்டால் உயிர் போய்விடும். ஆகையால் பழம் தின்ற சில நாட்களுக்குள் சதையைக் கழுவி, ஓட்டின் விளிம்பைக் கத்தியால் நெம்பிப் பருப்பை எடுக்க வேண்டும். நீலத்தில் பருப்பை வண்டு தின்றிருப்பதுண்டு. ஓட்டைப் பிரித்தால் அது அப்போதே தெரிந்துபோகும். நல்ல பருப்பை, வளைந்த முதுகு மேலாக, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். மண் ஈரமாயிருக்கலாம், சேறாகக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் தாமிர நிறத்தில் தளிர் தலைகாட்டும். முளைத்த கொட்டையைத் தேய்த்து ஊதல் செய்ய வீட்டுக் குழந்தைகள் காத்திருப்பார்கள்; அவர்களுக்கென்று இரண்டு கொட்டை அதிகமாக ஊன்றிவிடுவது விவேகம்.

பிறகு வேண்டியது பொறுமை. கொட்டைக் கன்று காய்க்க ஆறு வருஷமும் ஆகலாம், பத்தும் ஆகலாம்.

இந்த விஷயத்தை இப்போது எழுதக் காரணம் உண்டு. மாம்பலத்திலும் அடையாற்றிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்கு வீடுகள் எழுப்புகிறார்கள். கொல்லையில் பாட்டி காலத்து மரம் நிற்கும். ஊறுகாய்க்கு அதன் வடுவுக்கு நிகரில்லை என்று குடும்பமே சாதிக்கும். 2016 டிசம்பரில் வார்தாப் புயலுக்குத் தப்பிய மரமாகக்கூட இருக்கும். வெட்டுமுன் நான்கு கொட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு மரத்தைக் காப்பாற்றிவிட்டதாகத் திருப்தியடைகிறார்கள். அந்தக் கொட்டையில் வருவது வேறு மரம். பாட்டியின் மரமே வேண்டுமானால் ஒட்டுக் கட்டத்தான் வேண்டும்.

அதற்கும் கொட்டைக் கன்றே துணை. ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்த கன்றைத் தொட்டியோடு பழைய மரத்தின் கிளையருகே கொண்டுபோய், ஒரே பருமனுள்ள கொம்பைத் தேர்ந்து, இரண்டிலும் இரண்டு அங்குல நீளம் பட்டையைச் சிறிது மரத்தோடு சீவி, வெட்டு வாய்கள் பொருந்தும்படி இறுகக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கூடிவிடும். பின்பு ஒட்டுக்குக் கீழே தாய்க் கொம்பையும், ஒட்டுக்கு மேலே கன்றின் தலையையும் சிறிது சிறிதாக அறுத்து நீக்கலாம். கைப்பழக்கம் இல்லாதவர்கள் நாற்றுப் பண்ணைத் தோட்டக்காரர் ஒருவரை அழைத்துக்கொள்வது நலம். வீட்டை ஒப்படைக்கும் தேதியைக் குறிக்கும்போதே இந்த மூன்று மாதத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கன்று கைவசம் இல்லையென்றால், இந்த ஆனியிலேயே ஒரு கொட்டையை ஊன்றிவிடுங்கள்.