வேலை மாறியவன் தோற்றவனா?



"அவனா? படிச்சது ஒண்ணு, பாக்குற வேலை ஒண்ணு. அவ்வளவுதான் அவன் கதை."

நம் பக்கம் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. முப்பது வயதுக்கு மேல் ஒருவன் வேலையை மாற்றினால் போதும், தோற்றவன் கணக்கில் எழுதிவிடுகிறோம். இது தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. சாட்சிக்குக் கால்பந்து மைதானத்தைக் கூப்பிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடலோர மீனவக் கிராமம். அந்த ஊர்க்காரர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் முன்னேறித் தாக்கும் நடுக்கள ஆட்டக்காரர். 2017-18 ஐ-லீக்கில் சிறந்த நடுக்கள வீரர் விருது வாங்கினார். பிறகு ஜாம்ஷெட்பூர் அணி. 2019இல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது ஓரத்தில் விங்-பேக்காக நிறுத்தினார். விங்-பேக் என்றால் அந்த ஓரம் முழுக்க அவன் பொறுப்பு. மேலே ஏறித் தாக்க வேண்டும். பந்து பறிபோனால் திரும்பி ஓடிவந்து தடுக்கவும் வேண்டும்.

"தாக்குறவனைக் காவலுக்கு வச்சுட்டாங்களே" என்று நம் ஆட்கள் உச்சுக்கொட்டியிருப்பார்கள். நடந்தது என்ன? 2020 மார்ச் 14, கோவாவில் இறுதிப்போட்டி. சென்னையின் எஃப்சியை 3-1 என்று வென்று ஏடிகே கோப்பையைத் தூக்கியது. சூசைராஜ் தன் வேகத்தையும் பந்தைக் கடத்தும் வித்தையையும் எங்கேயும் தொலைத்துவிடவில்லை. இருந்ததோடு தடுக்கும் வேலையையும் சேர்த்துக்கொண்டார். இதற்குப் பெயர் தோல்வியா?

"அவனவன் வேறு வழியில்லாமல்தானே மாறுகிறான்" என்பீர்கள். சரி, 1962க்கு வாருங்கள். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஜர்னைல் சிங் நம் அணியின் தூண் போன்ற தடுப்பாட்டக்காரர். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை, முன்களத்துக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக இன்னொரு கோல். 2-1, தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன்பின் இன்றுவரை நமக்குத் தங்கம் கிடையாது. அந்த மாற்றமும் வேறு வழியில்லாமல் வந்ததுதான். அதனால் அந்தக் கோலின் மதிப்பு குறைந்துவிட்டதா?

நம் ஊருக்கு வருகிறேன். 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. சரம் பின்னியே பிழைத்த பெண்கள் எத்தனை பேர் வேறு வேலை தேட வேண்டி வந்தது! அதே விரல்கள் தையல் மெஷினுக்கும் பூக்கட்டுவதற்கும் போனால், "பாவம், இப்படி ஆயிட்டாளே" என்கிறோம். விரலின் வேகமும் பொறுமையும் அவர்களோடுதானே போகின்றன?

இடம் மாறினால் எல்லாம் கூடிவரும் என்று நான் கதை விடவில்லை. 2020 நவம்பரில், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அது ஆட்டத்தில் உள்ளது. அதற்காக அவர் கற்ற வேலை பொய்யாகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாறுகிறவனுக்கு இடம் கொடுக்க ஒருவர் வேண்டும். ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஜகார்த்தாவில் தோற்றிருந்தால் ஊரே அவரைத்தான் ஏசியிருக்கும். அந்தப் பழியை ஏற்கத் துணிந்துதான் ஜர்னைலை முன்னே அனுப்பினார். நம் வீடுகளில் குறைவது இந்தத் துணிச்சல்தான். மாறுகிறவனுக்கு ஆறு மாதம் பொறுப்பதற்குள், "அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஆறு மாதத்தில் எந்தப் புது வேலையடா கைக்கு வரும்?

மாமா, சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் கேட்டுக்கொள்கிறேன். வேலை மாறிய பிள்ளையிடம் "எவ்வளவு சம்பளம் குறைஞ்சது" என்று கேட்காதீர்கள். "என்ன புதுசா கத்துக்கிட்டே" என்று கேளுங்கள்.

பழைய மாணவர் குழுவில் வாயே திறக்காமல் இருக்கும் பிள்ளைகளே, வேலை மாறியதுதான் காரணமென்றால் அதை விடுங்கள். இப்போது என்ன செய்கிறாய் என்று கீழே எழுது. வாத்தியார் படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், இருக்கன்குடி