தாதியர் ஆண்டறிக்கையும் ஊராரும்

மே மாதம் 12ஆம் நாள் தாதியர் தினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820இல் பிறந்த நாள் அது. அதனையொட்டித் தாதியர் சங்கத்தார் விளக்கேற்றி விழா எடுப்பர், ஆண்டறிக்கையும் வாசிப்பர். அத்தகைய அறிக்கையொன்றின் கையெழுத்துப் பிரதியை முன்னாளில் என்னிடம் நன்னூல் படித்த மாணவியொருத்தி அண்மையில் எங்கள் உரும்பிராய் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இன்று அவள் தாதி. "ஐயா, எழுத்துப் பிழை இருந்தாற் பார்த்துத் தாங்கோ" என்றாள்.

பார்த்தேன். சந்திப் பிழை எட்டு, ஒருமை பன்மை மயக்கம் இரண்டு. 1987 ஒக்ரோபர் 21ஆம் 22ஆம் நாள்களில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இந்திய இராணுவத்தினரின் சூட்டுக்கு வைத்தியரும் தாதியரும் நோயாளரும் இரையானமை பற்றி முதற்பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. அதில் நான் கை வைக்கவில்லை. பின்னர்ப் பொதுக்கூட்டம், தெரிவானோர் பெயர், ஓய்வு பெற்றோர்க்குப் பிரியாவிடை, சுற்றுலா, சந்தாக் கணக்கு. எல்லாம் இருந்தன, நோயாளி மாத்திரம் இல்லை.

சங்கம் அங்கத்தவர்க்குரியது, அதன் அறிக்கையும் அவர்க்குரியதே என்பர். உண்மை. ஆயினும் வைத்தியசாலையை ஊரார் அறிவது தாதி வாயிலாகவன்றோ? வைத்தியர் சொன்னதை நோயாளிக்கு விளங்கும் மொழியில் மறுபடி சொல்பவள் அவளே.

என் தமக்கையார் நீரிழிவுக்காரி. கண்ணாடி இன்றியே தேவாரம் வாசிப்பார். ஓரிடத்திற் கொடுத்த குளிசை உறையில் இருந்தவையோ ஆங்கில எழுத்துகள். ஒரு வேளைக்குரியதை இரு வேளையும் விழுங்கிவிட்டார். சர்க்கரை தாழ்ந்து, வியர்த்துக் கிணற்றடியில் விழுந்தார். பின்னர் வேறொரு கிளினிக்கில் ஓர் இளந்தாதி, "காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன், இரவில் வேண்டாம்" என்று கடதாசித் துண்டொன்றில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். அத்துண்டு இன்றும் எங்கள் சுவாமி அறையில் இருக்கிறது.

இந்நிலை நேர்ந்தது எந்த மண்ணில் என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சு பொறுக்கவில்லை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. எலும்புக்கும் நரம்புக்கும் இரசாயனத்துக்கும் தமிழ் தேடிய நாட்டிலே, குளிசை உறைக்குத் தமிழ் கிடையாது போயிற்று! வைத்தியக் கல்வி முழுவதும் தமிழில் நிகழ வேண்டுமென நான் இங்கு வாதிடவில்லை. வைத்தியர் தமக்குள் எம்மொழியிலும் எழுதுக. நோயாளியின் கைக்கு வருவது அவன் வாசிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

(தாதி என்னும் பெயரே இழிவுடையது, செவிலி என்பதே தக்கது என்பார் உளர். தாதி என்பது வேலைக்காரியையும் குறிக்கும், வளர்த்த தாயையும் குறிக்கும். ஈழத்தார் பிற்பொருளையே கொண்டனர். அதில் எனக்கு வழக்கில்லை.)

ஆண்டறிக்கையில் நான் காண விரும்புவது இதுவே: இவ்வாண்டு எந்த ஊரிலிருந்து எந்த நோய் மிகுதியாக வந்தது? மாரியில் டெங்கு எப்போது ஏறிற்று? எம்மூர்க் கிணறுகளையே எடுத்துக்கொள்வோம். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். தோட்டத்தில் இட்ட உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் அதனூடே நிலத்தடி நீரைச் சேரும். இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுத் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாற்பொடி கரைக்கும் இளந்தாய், தண்ணீரைக் கொதிக்க வைத்தாற் போதுமென நம்புகிறாள். கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறியும். வீடு வீடாய் வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கு வாய் ஒன்றுதானே! அச்சிட்ட ஒரு பக்கம் அவருக்குத் துணையாகாதா?

தாதியர்க்கும் இதனால் நன்மையுண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் கடல் கடந்தனர். இரவிலே ஒரு தாதி எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறாள் என்பதை அறிக்கை சொல்லுமாயின், நோயாளியைப் பார்க்க வந்து வாசலிலே சண்டையிடுவோர் சற்றே குரல் தாழ்த்துவர். இப்போது அவர்க்கு அது தெரியாது, எவரும் சொன்னதில்லை.

இவற்றையெல்லாம் பிள்ளையிடம் சொன்னேன். "கமிற்றியில கேக்க வேணும் ஐயா. பக்கம் கூடினால் அச்சுக்கூலியும் கூடும்" என்றாள். நியாயந்தான். சுற்றுலாவுக்கு ஒதுக்கிய பக்கங்கள் மூன்று என்பதை மெல்ல நினைவூட்டினேன். சிரித்துவிட்டுப் பிரதியை வாங்கிப் போனாள்.