எதிரிக்கும் அதே அளவு

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நம் வாலிபர் ஐவர், சென்ற மாதம் ஓர் இரவு என் வீட்டு உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடினார்கள். ஒன்பது மணியளவில் குரல்கள் உயர்ந்தன. ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். சிறுவயது முதல் ஒன்றாய் வளர்ந்த இரு நண்பர்கள் அதன்பின் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை. காரணம், ஒரு மந்திரத்தின் விதியில் இருந்த ஒரே ஒரு சொல்.

'மந்திரம்' என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளியான விளையாட்டு இது. 1980-களில் அந்நாட்டுச் சபைகள் பலவற்றில் இதைக் குறித்துப் பெரும் அச்சம் எழுந்தது. நானும் அந்த அச்சத்தோடுதான் விதிநூலைத் திறந்தேன். உள்ளே கண்டதோ எத்தனை அடி தூரம், எவ்வளவு நேரம், யார்மேல் செல்லும் என்ற கணக்குகளே. சதுரங்கத்தில் குதிரை எப்படி நகரும் என்பது எத்தகைய விதியோ, இங்கே மந்திரமும் அத்தகைய விதிதான். ஆனால் சதுரங்கத்தில் இல்லாத ஒருவர் இங்கே உண்டு. அவர் 'டன்ஜன் மாஸ்டர்'. கதையை நடத்துபவரும் அவரே, எதிரிகளை இயக்குபவரும் அவரே, விதி தெளிவற்றிருக்கும்போது தீர்ப்புச் சொல்பவரும் அவரே. ஆகவே அவர் பொறுப்பு பெரிது.

விதியில் எழும் ஐயங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சில, சரியாக வாசிக்காததால் எழுபவை. தண்ணீரை உண்டாக்கும் 'கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர்' என்ற முதல் நிலை மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதனால் எதிரியின் நுரையீரலில் நீரை நிரப்பிக் கொன்றுவிடலாமே என்று புதிதாய் விளையாடுவோர் பலர் கேட்பதுண்டு. விதியோ, பத்து கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் நீர், திறந்த கலத்தில் உண்டாகும் என்கிறது. உயிருள்ளவனின் நுரையீரல் திறந்த கலம் அன்று. இங்கே ஐயமே இல்லை, ஆசைதான் இருக்கிறது.

வேறு சில, எழுத்து தெளிவாயிருந்தும் பொருள் கோணலாகிப் போனவை. 2014 பதிப்பில், மறைந்திருப்பவனைத் தாக்குவது கடினம் என்ற விதி, அவனைக் காண இயலாது என்ற விதியோடு சேராமல் தனி வரியாய் நின்றது. அதனால் 'சீ இன்விசிபிலிட்டி' மந்திரத்தால் அவனைக் கண்ணாரக் கண்டுகொண்டிருப்பவனுக்கும், எழுத்தின்படி பார்த்தால், அந்தக் கடினம் நீங்காது. பல மேசைகளில் இதை ஒதுக்கிவிட்டு நியாயமாய் விளையாடினார்கள். 2024 பதிப்பு, காணக்கூடியவனுக்கு எதிராக அந்தப் பயன் இல்லை என்று எழுதி இதைத் திருத்தியது.

உண்மையிலேயே தெளிவற்றவை மூன்றாம் வகை. எங்கள் வீட்டுச் சண்டை அதைச் சேர்ந்தது. 'சஜெஷன்' என்பது, எதிரில் இருப்பவரை ஒரு செயலைச் செய்ய இணங்கவைக்கும் இரண்டாம் நிலை மந்திரம். சொல்லப்படும் செயல் நியாயமானதாகத் தோன்ற வேண்டும் என்றது 2014 விதி. யாருக்கு நியாயம்? எந்த அளவுக்கு? நூல் அதை வரையறுக்கவில்லை.

அந்த வாலிபர், கோட்டைக் காவல் தலைவனிடம் வீரர்களை அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கும்படி இம்மந்திரத்தால் சொன்னார். அது நியாயமானதன்று என மாஸ்டர் மறுத்தார். அரைமணி நேரம் கழித்து எதிரி மந்திரவாதி அதே மந்திரத்தை இவர்மேல் ஏவி, தோழர்களை விட்டு ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னான். அது நியாயமானதே என்றார் மாஸ்டர். இவர் எழுந்து போய்விட்டார்.

மாஸ்டர் இரண்டு அளவுகோல் வைத்தார் என்பது வெளிப்படை. ஆனால் மற்றவரும் அதையே செய்தார். தம் முறை வந்தபோது எதுவும் நியாயமே என்று வாதாடியவர், எதிரியின் முறை வந்தபோது எதுவும் நியாயமில்லை என்றார்.

தெளிவான பகுதியைக் கொண்டு தெளிவற்ற பகுதியை விளங்கிக்கொள் என்பது, இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களில் ஒன்று. அது இங்கும் உதவும். ஒருவரை முற்றிலும் ஆட்டிவைக்கும் 'டாமினேட் பர்சன்' மந்திரம் ஐந்தாம் நிலையில் இருக்கிறது. இரண்டாம் நிலையிலுள்ள சஜெஷனே அத்தனையும் செய்யுமானால், அந்த ஐந்தாம் நிலை எதற்கு? எனவே அதைச் சற்றுக் குறுக்கியே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆயினும் அந்த ஒப்பீடும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2024 பதிப்பு 'நியாயமானது' என்பதை எடுத்துவிட்டு, செய்யக்கூடியதாகத் தோன்ற வேண்டும், அவருக்கோ அவரைச் சேர்ந்தவர்களுக்கோ வெளிப்படையான தீங்கு விளைவிப்பதாய் இருக்கக்கூடாது என்று வைத்தது. வாதம் சுருங்கியதே தவிர, ஓய்ந்துவிடவில்லை. எந்தச் சொல்லை வைத்தாலும் ஓர் ஓரத்தில் மனிதன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஓரத்தில் நான் நம்பும் சோதனை ஒன்றே. என் மந்திரத்துக்கு நான் கேட்கும் பொருளை, நாளை எதிரி என்மேல் ஏவும்போது அவனுக்கும் கொடுப்பேனா? கொடுப்பேன் என்றால் அது விளக்கம். மாட்டேன் என்றால் அது வெறும் சுயலாபம். இதை மாஸ்டரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முறை தீர்ப்புச் சொன்னபின் அதைக் குறித்து வைத்து, அடுத்த முறை யாருக்குச் சாதகமாயினும் அதன்படியே நடக்க வேண்டும். தீர்ப்பு தவறு என்று தோன்றினால் ஆட்டம் முடிந்தபின் பேசித் திருத்தலாம். நடுவில் அரைமணி நேரம் வாதாடி ஐவரின் மாலைப்பொழுதைக் கெடுக்க வேண்டியதில்லை.

இருவரையும் அழைத்து, அன்று தம் மந்திரத்துக்குச் சொன்ன பொருளையும் எதிரியின் மந்திரத்துக்குச் சொன்ன பொருளையும் அருகருகே எழுதித் தரும்படி கேட்டேன். எழுதி முடிக்குமுன் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர் சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த சனிக்கிழமை வந்து அமர்ந்தார்.

பிரியமானவர்களே, நீங்கள் இந்த விளையாட்டை ஒருநாளும் விளையாடாமல் இருக்கலாம். எனினும் குடும்பத்திலும் சபையிலும் தெளிவற்ற ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும் வேளை நமக்கெல்லாம் வருகிறது. அப்போது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போகுமுன், நமக்குக் கேட்கும் அதே அளவை எதிரில் இருப்பவருக்கும் கொடுக்கிறோமா என்று இந்த வாரம் நம்மை நாமே சோதித்துப் பார்ப்போமாக.