வீதியுலாவும் வாசற்படியும்

சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்னும் அறிவியல் அருங்காட்சியகம் 2013இல் இடம் மாறியது. 1969 முதல் இயங்கிவந்த பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மண்டபத்தை ஜனவரியில் காலிசெய்து, ஏப்ரல் 17 அன்று கடற்கரைச் சாலையில், பியர் 15இல் புதிய கட்டடத்தைத் திறந்தது. அந்த இடப்பெயர்வையே ஒரு விழாவாக்கி, நகரத்தின் தெருக்களுக்கும் கொண்டுசென்றது. கூண்டை விட்டு அறிவியல் வெளியே வந்துவிட்டது என்று இத்தகைய விழாக்களைப் பாராட்டுவோர் பலர். விழா முடிந்த மறுநாள் அந்தத் தெருவில் எஞ்சியது என்ன என்று கேட்போர் மிகச் சிலர்.

கோயில் திருவிழாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. வீதிக்கு வருபவர் உற்சவர். வாசற்படியைத் தாண்ட விடப்படாத மக்களுக்கு நூற்றாண்டுகளாக வாய்த்தது அந்த உலாக் காட்சி மட்டுமே. அதிலும் தேர் எந்தத் தெருவுக்குள் திரும்பும், எதற்குள் திரும்பாது என்பதைச் சாதி தீர்மானித்தது. வீதியுலா எவ்வளவு கோலாகலமாக நடந்தாலும் ஆலய நுழைவுக்கு ஈடாகவில்லை. அதனால்தான் ஆலய நுழைவுக்குத் தனியே போராட வேண்டியிருந்தது.

எக்ஸ்ப்ளோரட்டோரியத்தின் வாசலில் சாதி நிற்கவில்லை, கட்டணச் சீட்டு நின்றது. தொடக்க ஆண்டுகளில் நுழைவுக்கட்டணமே இல்லாதிருந்த இடம் அது. புதிய கட்டடம் திறந்தபோது வயதுவந்த ஒருவருக்கு 25 டாலர். நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடலாம்: புதிய இடம் பொதுப் போக்குவரத்துக்கு அருகில் இருக்கிறது, கட்டடத்துக்கு வெளியே யாரும் கட்டணமின்றித் தொட்டுப் பார்க்கக்கூடிய காட்சிப்பொருள்களும் வைக்கப்பட்டன. வெளிமுற்றத்தில் இருக்கும் அந்தச் சில பொருள்கள், சில நாள் தெருவிழாவைவிட மதிப்புமிக்கவை. விழா முடிந்தபின்னும் அவை அங்கேயே இருக்கின்றன.

இந்த நிறுவனத்தைத் தோற்றுவித்த ஃபிராங்க் ஓப்பன்ஹைமரின் வாழ்க்கையை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி; அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். 1930களில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தது 1949இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளிவந்தபின், மின்னசோட்டா பல்கலைக்கழகப் பணியை இழந்தார். வேறெந்தப் பல்கலைக்கழகமும் இடம் தரவில்லை. கொலராடோவில் மாடு மேய்த்தார். பின்னர் அங்கேயே ஒரு சிற்றூரின் உயர்நிலைப்பள்ளியில் பாடம் நடத்தினார். பல்கலைக்கழகத்தால் வெளியே தள்ளப்பட்ட ஒருவர்தான் மக்கள் தாமே சோதனை செய்து பார்க்கும் இடம் ஒன்றைக் கற்பனை செய்தார் என்பது தற்செயல் அன்று. பாரிஸில் மாணவர்களே சோதனைகளைச் செய்துகாட்டுவதைக் கண்டிருந்த அவர், தம் அருங்காட்சியகத்தில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களைச் சம்பளத்துக்கு விளக்குநர்களாக அமர்த்தினார். காட்சிப்பொருள்களைச் செய்யும் முறைகள் சமையற்குறிப்புபோல் நூல்களாக அச்சிடப்பட்டன. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். தெருவுக்குக் கொடுக்கத் தகுந்தது விழா அன்று, அந்தச் செய்முறை.

"அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வோம்" என்னும் முழக்கத்தின் இலக்கணத்தைச் சற்றே கவனிக்கலாம். கொண்டுசெல்பவர் எழுவாய், அவர் பெரும்பாலும் தோன்றா எழுவாய், ஆனால் அவர் யாரென எல்லோருக்கும் தெரியும். அறிவியல் செயப்படுபொருள். மக்கள்? 'இடம்' என்னும் உருபேற்று, பொருள் போய்ச்சேரும் முகவரியாக நிற்கிறார்கள். அந்த வாக்கியத்தில் அவர்கள் ஒன்றும் செய்வதில்லை. அருங்காட்சியகத்துக்கு வருவோரைக் குறிக்கும் 'பார்வையாளர்' என்னும் நம் சொல்லும் கண்ணை மட்டுமே அனுமதிக்கிறது, கையை அன்று.

தெருவில் நடப்பது வெறும் வேடிக்கை, அதில் ஆழம் ஏது என்று கேட்கும் பேராசிரியர்களும் உண்டு. சுழல்நாற்காலியில் அமர்ந்து, சுழலும் சைக்கிள் சக்கரத்தைக் கையில் பிடித்துச் சாய்த்தால் நாற்காலி தானே திரும்புகிறது. கோண உந்தத்தின் அழியாமை பற்றிய இந்தச் சோதனைக்கு ஆழம் போதாது என்றால், இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்தும் அதை நீக்கிவிட வேண்டும். அதற்குத் தேவையான சக்கரம் இந்தியாவின் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். சக்கரத்தின் கோணல் எடுக்கத் தெரிந்தவரும் அங்கேயே இருக்கிறார்; அவரை விளக்குநராக அமர்த்த இதுவரை எந்த நிறுவனத்துக்குத் தோன்றியிருக்கிறது?

இந்தியாவுக்குத் தெரு அறிவியல் அயலிலிருந்து வர வேண்டிய சரக்கு அன்று. 1959இல் திறக்கப்பட்ட கொல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965இலேயே நடமாடும் அறிவியல் கண்காட்சியைத் தொடங்கிவிட்டது. எக்ஸ்ப்ளோரட்டோரியம் பிறக்க அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1980இல் அறிவியல் கலைப்பயணத்தை ஊர் ஊராக நடத்தியது. ஆயினும் நம் ஆய்வு நிறுவனங்கள் பல தெரிந்தெடுத்திருப்பது சான் பிரான்சிஸ்கோ விழாவின் மேற்பூச்சைத்தான். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் என்று ஒரு நாள் வாயில் திறக்கும். பதாகை, தற்படம், நினைவுப் பரிசு. மற்ற நாள்களில் அதே வாயிலில் அடையாள அட்டை கேட்கப்படும். விளக்கப் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கும். இல்லையேல், அலுவல்மொழிக் குழுவின் பார்வைக்கென எழுதப்பட்டு, அந்த ஊரில் எவரும் பேசாத ஓர் இந்தியில் இருக்கும்.

ஆய்வகத்தின் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுபவரும் உணவகத்தில் தட்டெடுப்பவரும் ஆண்டு முழுவதும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு வீதியுலா தேவையில்லை, கட்டணச் சீட்டும் தடையில்லை. அந்தக் குடுவையில் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் மொழியில் சொல்ல ஒரு முனைவர்பட்ட மாணவருக்கு வாரம் அரைமணி நேரம் போதும். அந்த அரைமணிக்குத் துறையின் ஆண்டறிக்கையில் இடமில்லை. பிப்ரவரி 28இன் புகைப்படங்களுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கப்படுகிறது.